பாட்ச் என்றால் என்ன, சம்பந்தி?

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம். என் சுகத்தை நேற்று ஒரு டாக்டரே பார்த்து உறுதி செய்துவிட்டார். அது ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தங்கள் முழங்கால் வலி தேவலையா, சம்பந்தியம்மா புதுக் கண்ணாடிக்குப் பழகிவிட்டார்களா, தங்கள் சின்ன மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா என்பதையெல்லாம் சாவகாசமாக எழுதவும்.

முதலில் ஒரு வேண்டுகோள். ஒன்பது நாளைக்கு முன்னால் நான் அனுப்பிய பதிவுத் தபால் தங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும். சேராமல் இருக்க வழியே இல்லை. முப்பத்துமூன்று வருடம் தபால் பிரிக்கும் பிரிவில் நின்ற பழக்கத்தில் முகவரியை ஒரு புள்ளி பிசகாமல் எழுதித் தொலைத்துவிட்டேன். "தங்கள் மகள் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் என்னை வெட்டிப் போட்டுவிட்டாள், இனிமேல் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதற்கில்லை, நானும் என் வீட்டம்மாவும் தனியாகப் போகிறோம்" என்று அதில் எழுதியிருந்தேன் அல்லவா, அதைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடவும். படிக்காமலே கிழித்திருந்தால் ரொம்ப நல்லது. படித்திருந்தால் மறந்துவிடவும். சம்பந்தியம்மாவிடம் காட்டியிருந்தால் என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த வீட்டில் எது ஒழுகினாலும் எது கழன்றாலும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு சனிக்கிழமை காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, குழாயைப் பிரித்து, பழைய வாஷரைத் தூக்கிப் போட்டு, புது வாஷர் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் அதைக் கத்தரிக்கோலால் வட்டமாக நறுக்கி, நறுக்கியதில் கொஞ்சம் சின்னதாகிவிட்டதால் அடியில் இன்னொரு ரப்பரைக் கொடுத்து, வெள்ளை டேப்பை இருபது சுற்றுச் சுற்றி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மாட்டி முடித்தேன். சொட்டுவது நின்றுவிட்டது. என்ன, வலது பக்கம் திருப்பினால் மூடவேண்டிய குழாய் வலது பக்கம் திருப்பினால் திறந்தது, அவ்வளவுதான். அது ஒரு குறையா சம்பந்தி? கை பழகிக்கொள்ளாதா? ஆனால் சாயந்தரம் என் வீட்டம்மா பழைய பழக்கத்தில் குழாயை இறுக்கி மூடுகிறேன் என்று முழுவேகத்தில் திறந்துவிட்டு, ரவிக்கை முதல் தலைமுடி வரைக்கும் நனைந்து வந்து கூடத்தில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நின்றதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, உடைந்த கதவுக் கொக்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக் கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். ஒட்டுக் கேட்க நிற்கவில்லை. கொக்கி அந்தக் கதவுக்குத்தான் மாட்ட வேண்டும், ஆகவே நின்றேன். சமையலறையில் தங்கள் மகள் யாரிடமோ போனில் பேசுகிற சத்தம் கேட்டது. "குழாய் பூரா பாட்ச் ஜாப். வாஷரைத் தலைகீழா மாட்டி வச்சா எப்படி நிக்கும்? மறுபடியும் முதல்லேர்ந்துதான் பண்ணணும், எனக்கு வேற வழி தெரியல" என்றாள். குழாய், வாஷர் என்ற இரண்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. நடுவில் இருந்த அந்த ஒரு சொல்தான் புரியவில்லை. பாராட்டாகக்கூட இருக்கலாமே என்று ஒரு நப்பாசை. நேரே தங்கள் மாப்பிள்ளையிடம் போனேன். அவன் சோபாவில் படுத்துக்கொண்டு செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், பாட்ச் ஜாப்னா என்னடா?"

"சொதப்பல்ப்பா" என்றான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

சம்பந்தி, பெற்ற பிள்ளை இப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? எனக்குக் கை காலெல்லாம் சூடாகிவிட்டது. முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு கடிதத்தைத் தப்புப் பையில் போட்டதில்லை நான். (இரண்டு தடவை போட்டிருக்கிறேன், ஆனால் இரண்டையும் நானே கண்டுபிடித்துவிட்டேன்.) அப்படிப்பட்டவனைப் பார்த்துச் சொதப்பல் என்றால்? உடனே ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், சுத்தி எல்லாவற்றையும் பழைய சூட்கேஸில் போட்டுப் பூட்டி அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். கொக்கியைக்கூட மாட்டவில்லை. அன்றிலிருந்து தங்கள் மகளிடம் 'ம்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. டீ கொடுத்தாள், ம். பேப்பர் வேணுமா என்றாள், ம். "மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள், அதற்கும் ம். மறுநாள் திங்கட்கிழமை, அந்தப் பதிவுத் தபாலைத் தங்களுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்துத் தெருவில் காலியாக இருந்த ஒரு மாடி அறையைப் போய்ப் பார்த்தேன். சின்ன அறைதான், வெயில் நேராக அடிக்கிறது. ஆனால் குளியலறைக் குழாய் நன்றாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து என் வீட்டம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க போய்ச் சொட்டுங்க. நான் வரல" என்றாள்.

தபாலைச் சேர்த்த பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பையன் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கலாமா, அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் அர்த்தம் என்று பார்த்துவிட வேண்டாமா? வரிசையை மாற்றிச் செய்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை எங்கள் தெருக்கோடி நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற நூலகர் அம்மா பொறுமைசாலி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுவார்கள், மற்றபடி விவரமானவர்கள்.

"எந்த பி சார்? பேனாவுக்கு வர்ற பி-யா, பஸ்ஸுக்கு வர்ற பி-யா?" என்று கேட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும்? நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'தானே? கதவுக்குப் பின்னால் நிற்கிறவன் காதில் எந்த பி விழும்? முதலில் பேனா பி-யில் தேடினோம். ஒட்டுப் போடுவது என்று ஒரு சொல் அகப்பட்டது. ஆனால் அது 'பேட்ச்', நான் கேட்டது 'பாட்ச்'. "அவங்க வாயை நல்லாத் திறந்து சொன்னாங்களா சார்?" என்றார்கள். நல்லாத்தான் திறந்து சொன்னாள் என்றேன். அப்புறம் பஸ் பி-க்குப் போனோம். அங்கேதான் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது, ஒரு பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு. நூலகர் அம்மா படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. பல நூறு வருடத்துக்கு முன்னால் அந்தச் சொல்லுக்குப் பழுது பார்ப்பது என்றுதான் அர்த்தமாம். கிழிந்ததைத் தைப்பது, உடைந்ததை ஒட்டுவது. பழைய துணிக்கும் செருப்புக்கும் ஒட்டுப் போடுகிறவனை 'பாட்சர்' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அது எந்த வேரிலிருந்து வந்ததென்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். அப்புறம் போகப்போக அதே சொல்லுக்கு அரைகுறையாகச் செய்வது, கெடுத்து வைப்பது என்று அர்த்தம் மாறிவிட்டதாம். இதோடு விட்டார்களா? அதே எழுத்தில் இன்னொரு சொல்லும் உண்டு, அதற்கு உடம்பில் வரும் கட்டி, வீக்கம் என்று பொருள், அது வேறு மொழியிலிருந்து வந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். போதாக்குறைக்கு ஒரு வகை இளம் மீனுக்கும் பாட்சர் என்று பேர் இருக்கிறதாம். மருமகள் என்னை மீன் என்றிருக்க மாட்டாள், அந்த ஒன்றை மட்டும் நானே அடித்துவிட்டேன்.

"ஏம்மா, சரி பண்றதுன்னு இருந்த வார்த்தை எப்படிம்மா கெடுக்கிறதுன்னு ஆகும்? நேர் எதிரால்ல இருக்கு?"

நூலகர் அம்மா விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். "சரி பண்றேன்னு கிளம்பினவங்க எல்லாம் பண்ணி வச்ச லட்சணம் அப்படி இருந்திருக்கும் சார். அவங்களால அந்த வார்த்தைக்கே பேர் கெட்டுப் போயிருக்கும்" என்றார்கள்.

அவர்கள் என்னை நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் காது மடல் சுட்டது. அதற்கப்புறம் நாலு நாள் தொடர்ந்து நூலகத்துக்குப் போனேன். நம் ஆட்கள் சொல்கிற 'சொதப்பல்' எங்கேயிருந்து வந்தது என்று தேடினேன், அங்கே இருந்த பழைய தமிழ் அகராதியில் அது அகப்படவே இல்லை. 'குளறுபடி' இருந்தது. அதில் குளறுவது இருக்கிறது பாருங்கள், நாக்கு செய்கிற தப்பைத் தூக்கி வேலையின் தலையில் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்து என்ன பிரயோஜனம்? தங்கள் மகள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்பது மட்டும் பிடிபடவில்லை. பழைய அர்த்தத்தில் சொல்லியிருந்தால் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். புது அர்த்தத்தில் சொல்லியிருந்தால் அவள் என்னிடம் கேட்க வேண்டும். யார் யாரிடம் கேட்பது என்று தெரியாமலே வீட்டில் வளையவந்துகொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. இந்தக் குழப்பத்தில் அகராதியில் கண்டதை மறந்துவிடக் கூடாதென்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

நேற்றுக் காலை சட்டையைத் துவைக்க எடுத்த என் வீட்டம்மா கையில் அந்தச் சீட்டு அகப்பட்டிருக்கிறது. சீட்டில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "முதலில் நன்றாகத்தான் இருந்தது. போகப்போகக் கெட்டுவிட்டது. வேர் எங்கே என்று தெரியவில்லை. கட்டி, வீக்கம் என்றும் சொல்கிறார்கள். பழைய நிலைக்கு இனி திரும்பாது."

சம்பந்தி, அதைப் படித்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஒரு வாரமாக மனுஷன் பேசவில்லை, சாப்பிடவில்லை, தினமும் எங்கேயோ போய்விட்டு முகம் தொங்கி வருகிறான், சட்டைப்பையில் இப்படி ஒரு சீட்டு. அவள் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாளாம். தங்கள் மகள் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், சீட்டைப் படித்துவிட்டு, பையைக் கீழே போட்டுவிட்டு, லீவு சொல்லிவிட்டு, ஆட்டோவோடு வந்து என் முன்னால் நின்றாள். "மாமா, கிளம்புங்க" என்றாள். எங்கே என்று கேட்டேன். ஒன்பது நாளில் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள், துப்பட்டா நுனியால் கண்ணைக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கள் வீட்டில்தான் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது, என் கடிதத்தைப் படித்து அதிர்ச்சியில் தாங்கள்தான் விழுந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று நினைத்து நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் தேற்றிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், அமைதியானவர். சீட்டை இரண்டு தரம் படித்தார்.

"சொல்லுங்க பெரியவரே, கட்டி எங்க இருக்கு?"

"எனக்கேது கட்டி?"

"கூச்சப்படாதீங்க. நீங்களே எழுதியிருக்கீங்களே."

"அதுவா? அது அகராதியில இருக்கு டாக்டர்."

டாக்டர் தங்கள் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அகராதின்னா, உடம்புல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அப்புறம் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழாய், கதவு, போன், பஸ் பி, பழைய அர்த்தம், புது அர்த்தம், மீன் உட்பட. டாக்டர் ரொம்ப நேரம் கீழே குனிந்து ஏதோ தேடினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. ரத்த அழுத்தம் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். தங்கள் மகள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். மூடினாள். மறுபடியும் திறந்து குடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நான் பாட்ச் ஜாப்னு சொல்லவே இல்ல. பேட்ச் ஜாப்னு சொன்னேன்."

"பேட்ச்சா?"

"ஆமா மாமா. எங்க ஆபீஸ்ல ஆயிரக்கணக்கான வேலையைக் கட்டுக் கட்டாச் சேர்த்து வச்சு, கம்ப்யூட்டர்ல மொத்தமா ஓட்டுவோம். அதுக்குப் பேரு பேட்ச் ஜாப். அது நின்னு போச்சுன்னு கூட வேலை செய்யறவங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்."

கட்டுக் கட்டாக என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது, சம்பந்தி. தபாலையும் நாங்கள் அப்படித்தானே கட்டி அனுப்புவோம்! இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். "குழாய்னு சொன்னியேம்மா?" என்றேன்.

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "பைப்லைன் மாமா. ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குத் தகவல் போற வழி. கம்ப்யூட்டர் வேலையில அதை அப்படித்தான் சொல்லுவோம்" என்றாள்.

"அப்ப வாஷர்?"

அதற்கு மட்டும் மறுபடியும் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அதுவும் உண்டாம். ஆனால் அது கொஞ்சம் சிக்கலான விஷயமாம், படம் போட்டு நிதானமாக விளக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

சம்பந்தி, எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒன்பது நாள் மண்டைக்குள் உட்கார்ந்திருந்த ஒரு மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. என்னை யாரும் எதுவும் சொல்லவே இல்லை! அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை! ஒரே ஒரு துணைக்கால் மாறியதில், 'பே'யை 'பா'வாகக் கேட்டதில், ஒரு நல்ல குடும்பத்தை உடைக்கப் பார்த்தேனே! தங்கள் மகளிடம் அந்தப் பெஞ்சிலேயே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசு வெண்ணெய் சம்பந்தி அவளுக்கு, நீங்கள் வளர்த்த வளர்ப்பு அப்படி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாடி அறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சூட்கேஸை இறக்கினேன். கதவுக் கொக்கியை மாட்டியாகிவிட்டது, கதவுதான் சாத்த மாட்டேன் என்கிறது, அதைச் சீவினால் சரியாகிவிடும். இன்னொன்று கேளுங்கள்: நான் பழுது பார்த்த அந்தச் சமையலறைக் குழாய் இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? ஒரு சொட்டு இல்லை. வலது பக்கம் திருப்பினால் மூடுகிறது, இடது பக்கம் திருப்பினால் திறக்கிறது. ரப்பர் தண்ணீரில் ஊறித் தானாகவே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நல்ல வேலைக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே என்னுடைய முந்தைய கடிதத்துக்குப் பிராயச்சித்தமாக ஒரு முடிவு செய்திருக்கிறேன். தங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் கொஞ்ச நாளாக உறுமுகிறது என்று மருமகள் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சூட்கேஸோடு நானே நேரில் வந்து அதைப் பிரித்துப் பார்த்துச் சரி செய்து கொடுக்கிறேன். வேறு ஆளைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் எனக்கு வருத்தமாகிவிடும்.

தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், ஓடுகிற மோட்டாரோடும், ஒழுகாத கூரையோடும் நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: அப்பா, இது நான். ஆபீஸ் போற வழியில தபால்ல சேர்த்துடும்மான்னு மாமா குடுத்தார். கவரை ஒட்டல. படிச்சுட்டேன். அன்னைக்கு நான் சொன்னது பாட்ச்தான்ப்பா. தங்கச்சிகிட்ட போன்ல பொலம்பிட்டிருந்தேன், அவர் கதவுக்குப் பின்னால நின்னது தெரியாது. அத்தை நனைஞ்சு வந்து நின்னதும் கோவம் வந்துடுச்சு. கம்ப்யூட்டர்ல வாஷர்லாம் கிடையாது, என்ன படம் போடறதுன்னு அப்பலேர்ந்து யோசிச்சிட்டிருக்கேன். அந்தக் குழாயையும் அவர் நூலகத்துக்குப் போன நேரமாப் பார்த்து பிளம்பரை வரச் சொல்லி மாத்திட்டேன். ஆஸ்பத்திரியில கட்டி இல்லேன்னு தெரிஞ்ச அந்த நிமிஷம் நான் என்ன பொய் வேணும்னாலும் சொல்லியிருப்பேன்ப்பா, அவ்ளோ பயந்து போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை மாமா நிச்சயமா வருவார். மோட்டார் ரூமைப் பூட்டி சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க. ஆனா கெட்டுப் போனா பரவாயில்லேங்கற மாதிரி ஏதாவது ஒரு சாமானைத் தேடி எடுத்து வைங்க. அப்படி எதுவும் இல்லேன்னா, நல்லா இருக்கற ஒண்ணை நீங்களே கொஞ்சம் கெடுத்து வைங்க. வேலை ஒண்ணும் இல்லேன்னு மட்டும் அவரைத் திருப்பி அனுப்பிடாதீங்கப்பா.